டெல்டாவில் அரசு அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? ஆபீஸ் அரசியலுக்கு நடுவில் வேலைப் பிடிப்பைக் காப்பாற்றிக்கொள்ள

குரூப் 4 எழுதி, கலந்தாய்வில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று ஏதோ ஒரு மாவட்டம் கிடைத்து, பணி நியமன ஆணையோடு தாலுகா ஆபீஸ் படியேறும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். விதிகளையும் கோப்பு நடைமுறையையும் பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். துறைத் தேர்வுக்கும் நீங்களே படித்துவிடுவீர்கள். ஆபீஸ் அரசியலை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அடுத்த முப்பது வருடம் நீங்கள் எப்படிப்பட்ட ஊழியராக இருப்பீர்கள் என்பது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில் அந்த அரசியலை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஆள் போக மாட்டார், மனசு போய்விடும்

தனியார் கம்பெனியில் அரசியல் தாங்கவில்லை என்றால் ஆள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். நம் ஆபீஸில் அப்படி யாரும் போவதில்லை. கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. அதனால் எவ்வளவு கசந்தாலும் நாற்காலி காலியாகாது. இதனாலேயே அரசு அலுவலகத்தில் அரசியல் செய்யும் சேதம் வெளியில் தெரிவதில்லை.

ஜான் மேயர், நடாலி ஆலன் என்று கனடாவைச் சேர்ந்த இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1991-இல் ஊழியரின் பற்றை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். இந்த இடம் பிடித்திருக்கிறது என்பதால் இருப்பது ஒன்று. விட்டுப்போனால் நஷ்டம் என்பதால் இருப்பது இரண்டாவது. இருப்பது என் கடமை என்று நினைத்து இருப்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் கரைந்து, இரண்டாவது மட்டும் மிஞ்சிய ஊழியர்கள் எந்தத் தாலுகா ஆபீஸிலும் உண்டு. இஸ்ரேலில் பொதுத்துறை ஊழியர்களை வைத்து எரான் விகோடா 2000-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். அலுவலகத்தில் அரசியல் அதிகம் என்று நினைக்கிறவர்களிடம் வேலையை விடும் எண்ணத்தைவிட வேலையில் அசட்டைதான் கூடுதலாக இருந்தது. படித்தபோது நம் ஊர் ஆபீஸைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது எனக்கு.

பட்டா மாறுதல் சீட்டில், அதாவது அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பில், இருந்த ஒருவரைச் சொல்கிறேன். யாராவது ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் சொன்னால் போதும், "சர்வே நம்பர் நூத்திப் பன்னெண்டு தானே, உட்பிரிவு ஆகலையே, சர்வேயர்கிட்ட போயிருக்கு, செவ்வாய்க்கிழமை வாங்க" என்பார். பதிவேட்டைத் திறக்கவே மாட்டார். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும், அன்று பதில் சொல்ல வேண்டியவர்கள் பேரெல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தால் அவர் மேஜையில் உத்தரவு. பதிவறைக்கு மாற்றம். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் கேட்ட பட்டாவை விசாரணைக்குப் போட்டிருந்தார், அதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் பல வருடம் வேலை பார்த்தார். பத்து மணிக்கு வருவார், ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார். லஞ்சம் வாங்கியதில்லை, விடுப்பும் அதிகம் எடுத்ததில்லை. யாராவது வந்து கேட்டால் "மனு குடுத்துட்டுப் போங்க" என்பார். அந்தத் தாள் பையில் இல்லை. அவர் மேல் நடவடிக்கை எடுக்க எந்த விதியிலும் இடமில்லை, ஏனென்றால் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மக்களுக்குத்தான் ஒரு நல்ல ஊழியர் இல்லாமல் போனார்.

உங்களுக்கு இப்படி ஆகக்கூடாது. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

முதல் மாதம்: சீட்டைக் கையில் வாங்குவது

உங்களுக்கு ஒரு சீட் ஒதுக்கப்படும். முன்பிருந்தவர் "எல்லாம் பீரோவுல இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள். அந்தச் சீட்டுக்கு வந்த தபால்களைப் பதியும் தன்பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, முடியாமல் நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு ந.க. எண்ணுக்கும் (கோப்புக்கு இடும் எண்) கோப்பு இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள். இல்லாத கோப்புகளை மட்டும் தனியே ஒரு பட்டியலாக எழுதி, இருவரும் தேதியோடு கையெழுத்திட்டு, தலைமையிடத்துத் துணை வட்டாட்சியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள், "பையன் வேலை தெரிஞ்சவன்" என்றுதான் பேச்சு வரும். கோப்பு காணோம் என்பது பல சமயம் தற்செயலாக நடப்பதில்லை. யாருக்கோ வேண்டாத கோப்பு காணாமல் போயிருக்கும், அது பிறகு உங்கள் தலையில் வந்து விடியும்.

கூடவே டெல்டாவின் வருடத்தையும் புரிந்துகொள்ளுங்கள். இங்கே ஆபீஸ் அரசியலுக்கும் பருவம் உண்டு. ஜூன் 12 என்பது மேட்டூர் திறக்க வழக்கமாகச் சொல்லும் தேதி. தண்ணீர் வந்தால் கடைமடைக்கு வரவில்லை என்ற முறையீடும் கூடவே வரும். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை, சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) கேட்டுக் கூட்டம். தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாக்கும் லாரியும் ஈரப்பதமும் பிரச்சினை. ஜூலையில் புதுப் பசலி (வருவாய்த்துறை ஆண்டு) பிறப்பதற்கு முன் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை. இந்த நாலு சமயத்திலும் வெளியிலிருந்து அழுத்தம் வரும், உள்ளே சீட் மாற்றமும் வரும். அந்த வாரங்களில் சொந்த விடுப்பு போடாமல், கோப்பை நிலுவை இல்லாமல் வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை உங்களைத் தொடாது.

கோஷ்டிகள்

எல்லா ஆபீஸிலும் இருக்கும். ஜாதி, சொந்த ஊர், சங்கம் என்று பல வகை. வருவாய்த்துறையில் இன்னொன்றும் உண்டு. குரூப் 2 எழுதி நேரடியாக உதவியாளராக வந்தவருக்கும் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உயர்ந்தவருக்கும் துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் யார் முன்னே என்பது நீண்ட நாள் வழக்கு. டெல்டாவில் மாவட்டப் பிரிவினையும் சேர்ந்துகொள்ளும். 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. நமக்குப் பணிமூப்பின் அலகு மாவட்டம்தான். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் யார் எங்கே போவது, யாருக்கு யார் சீனியர் என்ற வருத்தம் எழுந்து, சிலருக்கு அது ஆறாமலே இருக்கிறது. ஒரு மூத்தவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அவருடைய பட்டியல் கதையை ஒரு நாள் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

கோஷ்டியில் சேராமல் இருப்பதற்காக யாரோடும் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. டீக்கு இன்று இவர்களோடு போங்கள், நாளை அவர்களோடு போங்கள். ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னதை மட்டும் அடுத்த மேஜைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்று மாதத்தில் உங்களிடம் கோள் சொல்லிப் பயனில்லை என்று ஆபீஸுக்கே தெரிந்துவிடும். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் பெரிய பாதுகாப்பு.

சங்கம் வேறு விஷயம். சங்கத்தில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துத்தான் திரும்பினார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று அந்த வழக்கில்தான் நீதிமன்றம் சொன்னது. அந்த மாதங்களைப் பார்த்தவர்களுக்குச் சங்கம் ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தா கட்டுவதும் பொதுக் கோரிக்கைக்கு நிற்பதும் ஒன்று, நல்ல சீட்டுக்காகச் சங்கத் தலைவர் பின்னால் அலைவது வேறு. அதேபோல, அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 கட்சி அரசியலில் பங்கெடுப்பதைத் தடுக்கின்றன. கட்சி வாட்ஸ்அப் குழுவில் இருப்பது, மேடைப் படத்தைப் பகிர்வது எல்லாம் ஒரு நாள் உங்களுக்கு எதிராக எடுக்கப்படும். மாற்றலுக்காக எம்.எல்.ஏ. சிபாரிசு பிடிப்பதும் விதிக்குப் புறம்பானது. விதியை விடுங்கள், சிபாரிசில் வாங்கிய சீட்டுக்கு அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

கட்சிக்காரர் வந்தால்

எழுந்து வணக்கம் சொல்லுங்கள், நாற்காலி காட்டுங்கள். எந்தக் கட்சி என்றாலும் அதே நாற்காலி. அவர் சொல்வதை ஒரு தாளில் அவர் முன்னாலேயே எழுதுங்கள். "அய்யா, சம்பந்தப்பட்டவங்களை ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க, இன்னைக்கே நம்பர் போட்டுடறேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். முடியாது என்ற வார்த்தையைவிட எண்ணிட்ட மனு உங்களை நன்றாகக் காப்பாற்றும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிராமத்துக் கிளைச் செயலாளர் கொண்டுவரும் பத்துப் பேரில் பலர் உண்மையிலேயே உதவி கிடைக்காமல் விடுபட்டவர்கள். படிக்காத ஒரு பாட்டிக்கு ஓ.ஏ.பி. (முதியோர் உதவித்தொகை) மனு எழுதத் தெரியாது, அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கட்சிக்காரர். கொண்டுவந்தவரைப் பார்த்து மனுவை ஒதுக்குவதும் அரசியல்தான்.

வாய்மொழி உத்தரவு

இதுதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். "அதை மட்டும் சீக்கிரம் முடிச்சுக் குடுப்பா, மேல சொல்லியிருக்காங்க" என்பார் மேலதிகாரி. மேலே என்றால் யார், என்ன சொன்னார் என்று கோப்பில் எங்கும் இருக்காது. விசாரணை வந்தால் குறிப்பு எழுதியவர் நீங்கள்.

முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. வாய்மொழி உத்தரவின் பேரில் அரசு அதிகாரிகள் செயல்படக் கூடாது, அது எழுத்தில் பதிவாக வேண்டும், பதிவு செய்யாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டமே பயனற்றுப் போகும் என்றது அந்தத் தீர்ப்பு. இதை மேலதிகாரியிடம் போய் மேற்கோள் காட்டச் சொல்லவில்லை. குறிப்பில் மரியாதையாக ஒரு வரி போதும்: "வட்டாட்சியர் அவர்கள் இன்று பிற்பகல் வாய்மொழியாக அறிவுறுத்தியவாறு இம்மனு முன்னுரிமையில் எடுத்துக்கொள்ளப்பட்டது, ஆணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." முறையான உத்தரவென்றால் அவர் கையெழுத்திட்டு அனுப்புவார். முறையற்றது என்றால் அந்த வரியைப் பார்த்து, "சரி, இது இருக்கட்டும் தம்பி" என்று கோப்பை நிறுத்திவைப்பார். இரண்டிலும் உங்களுக்கு நல்லதுதான். அந்த வரியை அடிக்கச் சொன்னால், "அய்யா, நீங்களே மாத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்று கோப்பை அவரிடமே விட்டுவிடுங்கள்.

நிவாரணப் பட்டியல்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2004 சுனாமி, 2018 கஜா என்று பெரிய அழிவுகளில் மட்டும் இல்லை, பருவம் தவறிய ஒவ்வொரு மழைக்கும் டெல்டாவில் இந்த வேலை வரும். கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை.

தை பிறக்கும் நேரத்தில் மழை. கதிர் முற்றிய சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது. ஒரு நெற்கதிரைத் தூக்கிப் பார்த்தால் நெல்மணியில் வெள்ளையாக முளை. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால்தான் நிவாரணம், அதை வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். நீங்கள் பரப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது, வரப்பில் நிற்கிறவர் பேர் பட்டாவில் இருக்காது. பட்டா கோயில் பேரில் இருக்கும், அல்லது வெளியூரில் இருக்கும் ஒருவர் பேரில். உழுது, நாற்று விட்டு, கடன் வாங்கி உரம் போட்டவர் குத்தகைக்காரர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டாலும், வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகை இன்றும் ஏராளம். பட்டாதாரருக்குச் செல்வாக்கு இருக்கும், இவருக்கு இருக்காது. பட்டியலில் யார் பேர் ஏறுகிறது என்பதில்தான் அத்தனை அரசியலும் வந்து குவிகிறது.

நான் சொல்லும் முறை இது. வயலிலேயே சாகுபடி செய்தவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வயல்காரர்கள் இருவரிடம் யார் சாகுபடி என்று எழுதி வாங்குங்கள். உதவி வேளாண்மை அலுவலரோடு அன்றே சேர்ந்து கையெழுத்திடுங்கள், "அப்புறம் போட்டுக்கலாம்" வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள். கடைசிப் பேருக்குக் கீழே கோடு இழுத்து, மொத்தம் எத்தனை பேர், எத்தனை ஹெக்டேர் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். வரிக்கு வரி இடம் விட்ட பட்டியலில் இரவோடு இரவாகப் பேர் முளைக்கும். பிறகு அனுப்புவதற்கு முன் ஊரில் ஆளைக் கூட்டிப் பட்டியலைச் சத்தமாகப் படியுங்கள். பொய்ப் பேர் ஒன்று இருந்தால் ஊரே சொல்லிவிடும், விடுபட்டவரும் அங்கேயே கை தூக்குவார்.

இதற்குப் பிறகு ஒருவர் வந்து, "தம்பி, நம்ம ஆளுங்க நாலஞ்சு பேரு விட்டுப்போச்சு, சேத்து விட்டுடுங்க" என்றால் சண்டை போட வேண்டியதில்லை. "பட்டியல் படிச்சாச்சுங்க. கூடுதல் பட்டியல் தனியாப் போகும், மனு குடுக்கச் சொல்லுங்க, நானே வயலுக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். போய்ப் பாருங்கள். தகுதி இருந்தால் சேருங்கள். அடுத்த வருடம் அந்த ஊருக்குள் நீங்கள் போகும்போது கிடைக்கும் மரியாதை வேறு மாதிரி இருக்கும். மேயரும் ஆலனும் சொன்ன முதல் வகைப் பற்று நம் வேலையில் அங்கிருந்துதான் ஊறுகிறது. ஆபீஸ் அதைக் கொடுக்காவிட்டாலும் ஊர் கொடுக்கும். முப்பது வருடம் வாடாமல் வேலை பார்த்தவர்களாக நான் பார்த்த எல்லோருக்கும் ஏதோ ஒரு ஊரில் அந்த வேர் இருந்தது.

மெமோவும் மொட்டைக் கடுதாசியும்

இரண்டும் வரும். நன்றாக வேலை பார்த்தாலும் வரும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்றால் சிறு தண்டனை, 17(பி) என்றால் பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டு. 17(பி) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் சிக்கல் வரும், அதனால்தான் சிலர் அதை ஆயுதமாக எடுக்கிறார்கள். மெமோ கையில் வந்ததும் வாங்கிய தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், வாங்க மறுக்காதீர்கள். கெடு அதிலேயே இருக்கும். பதில் எழுதும் முன் தொடர்புள்ள ஆவணங்களைப் பார்க்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். பதிலில் கோபம், அடுத்தவர் பேர், பழைய கதை எதுவும் வேண்டாம். தேதி, கோப்பு எண், நடந்தது, அவ்வளவுதான். அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். மெமோ வந்த அன்றே ஆபீஸில் பாதிப் பேர் உங்களிடம் பேசத் தயங்குவார்கள். மனசு உடைவது அந்த வாரத்தில்தான். வீட்டில் சொல்லுங்கள், பழைய பேட்ச் நண்பருக்குப் போன் போடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் அரசியல் சில சமயம் கேவலமான பேச்சாகவும் தொல்லையாகவும் மாறும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் என்று சேர்ந்த வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்களை நீங்களே கவனிப்பது

தகுதிகாண் பருவத்தை முடிப்பதும் துறைத் தேர்வு எழுதுவதும் உங்கள் கையில் இருக்கிறது. மே, டிசம்பர் என்று வருடத்துக்கு இருமுறை தேர்வு. தள்ளிப்போட்டால் பதவி உயர்வில் பின்தங்கி, அப்புறம் "அரசியல்ல என்னை ஒதுக்கிட்டாங்க" என்று சொல்ல வேண்டி வரும். பணிமூப்புப் பட்டியல் வெளியானால் உங்கள் வரியைப் பாருங்கள், தவறு இருந்தால் கெடுவுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். பணிப்பதிவேட்டை வருடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மனு கொண்டுவருபவரின் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் வாங்குகிறீர்களா? உங்களுக்குத் தெரிந்த பதிலை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறீர்களா? "நமக்கெதுக்கு" என்ற வார்த்தை நாளுக்குப் பலமுறை வருகிறதா? அப்படியென்றால் பிடிப்பு கழன்றுகொண்டிருக்கிறது. சீட் மாற்றமோ வேறு வட்டத்துக்கு மாறுதலோ விதிப்படி விண்ணப்பித்துக் கேளுங்கள். வெளியே போவது தோல்வி இல்லை. மன்னார்குடியில் முடங்கிப்போன ஒருவர் திருத்துறைப்பூண்டியில் பழையபடி ஓடியாடி வேலை பார்ப்பதுண்டு.

நாளை நீங்களே ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்பீர்கள். அப்போது உங்கள் கீழ் வேலை செய்பவரை மாற்ற வேண்டி வந்தால், உத்தரவை மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அழைத்து உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். மேலிருந்து வந்த அழுத்தம் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள், அவர் வேலையில் குறை இல்லை என்று சொல்லுங்கள். அவர் எந்தத் தேதி வரை அந்தச் சீட்டில் இருந்தார், எத்தனை கோப்பு முடித்தார் என்று ஒரு பாராட்டுக் குறிப்பு எழுதிப் பணிப்பதிவேட்டில் சேர்க்கக் கேட்டு வட்டாட்சியருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.